கேட்கத் தயங்குகிறவருக்கும் ஓர் அடுக்கு



நூலகர் வேலைக்கு வரும் இளையவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: நம் மேசைக்கு வந்து வாய்விட்டுக் கேட்பவர் மட்டும் நம் வாசகர் இல்லை. அடுக்குகளுக்கு நடுவே நடந்து, தேடி, ஒன்றை உருவி, நின்றபடியே நாலு பக்கம் புரட்டிவிட்டுத் திரும்ப வைத்துப் போகிறவரும் நம் வாசகர்தான். அப்படிப் போகிறவர்களில் சிலருக்குக் கேட்க வாய் வராது. கேட்டால் எதிரில் இருப்பவரின் முகம் எப்படி மாறும் என்பது அவர்களுக்கு வீட்டிலும் வகுப்பிலும் முன்பே தெரிந்துபோயிருக்கும்.

தென்சென்னையில் ஒரு கல்லூரி நூலகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தேன். அங்கே புத்தகங்களுக்காகப் பெரிதாகப் போராட வேண்டியிருந்ததில்லை. படங்களுக்காகத்தான் போராடினேன். தன்பாலீர்ப்புள்ளவர்களையும் திருநங்கைகளையும் திருநம்பிகளையும் மனிதர்களாகக் காட்டிய படங்கள் அவை. அதிலும், நம்மைப் போன்ற நிறமும் நம் ஊர்ச் சாதியின் சுமையும் சேர்ந்த வாழ்க்கைகளைக் காட்டியவை. அந்த வேலையில் நான் கற்றதை உங்களிடம் ஒப்படைக்க வேண்டிய வயது எனக்கு வந்துவிட்டது.

சீர்காழியில் பிறந்து, மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானவர் எஸ்.ஆர். ரங்கநாதன். 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளை உலகம் முழுவதும் நூலகம் படிப்பவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது அதில் இரண்டாவது. ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பது மூன்றாவது. பரீட்சைக்கு எழுதும்போது இவை எளிய வாக்கியங்கள். மேசையில் உட்கார்ந்த பிறகுதான் அவற்றின் கனம் தெரியும். ‘ஒவ்வொரு வாசகருக்கும்’ என்று எழுதியவர் யாரையும் விலக்கி எழுதவில்லை. பூட்டிய அலமாரிகளைத் திறந்து, வாசகர் தாமே போய் எடுக்கும்படி செய்யவும் அவர் பாடுபட்டார். திறந்த அடுக்கு என்பது வெறும் வசதி என்று பலர் நினைக்கிறார்கள். கேட்கத் தயங்குகிறவருக்கு அது ஒன்றுதான் வழி.

நான் பொறுப்பேற்ற நூலகத்தில் தன்பாலீர்ப்பு பற்றி இருந்த சொற்பப் புத்தகங்களும் இரண்டு இடங்களில் கிடந்தன. சில, நூல்களுக்குப் பொருள் வாரியாக எண் தரும் டூயி பகுப்பின் பழைய பதிப்புப்படி 157-இல், அசாதாரண உளவியலில். சில 616-இல், நோய்களுக்கு நடுவே. முன்னிருந்தவர்கள் கெட்ட எண்ணத்தில் வைத்தவை அல்ல. கையிலிருந்த பதிப்பு சொன்னபடி வைத்தார்கள். ஆனால் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி தன்னைத் தேடி வந்து, தன்னை மனநோய்க்குப் பக்கத்தில் கண்டெடுத்தால் என்ன ஆவாள்? உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. புதிய டூயி பதிப்பில் அதன் இடம் 306.76, சமூகவியலில். ஒரு கோடை விடுமுறையில் நானும் எங்கள் உதவியாளரும் அந்தப் புத்தகங்களை எடுத்து, முதுகில் ஒட்டியிருந்த சீட்டுகளை ஈரத்துணி வைத்து ஊறவைத்துக் கிழித்து, புதிய எண் எழுதி ஒட்டினோம். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அது நூலகரின் அன்றாட வேலை. பெரிய மாற்றங்களில் பாதி இப்படித்தான், ஒருவருடைய அன்றாட வேலைக்குள்ளேயே முடிந்துவிடுகிற அளவில் இருக்கின்றன. உங்கள் கைக்கு எட்டுவதைச் செய்ய மேலிடத்து உத்தரவுக்காகக் காத்திராதீர்கள்.

படங்களுக்கு வருகிறேன். ஏன் படம் என்று கேட்பீர்கள். தமிழ்நாட்டில் ஒரு பிள்ளை தன்னைப் போன்றவரை முதலில் பார்ப்பது திரையில்தான். அந்த முதல் சந்திப்பு எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். எத்தனை நகைச்சுவைக் காட்சிகளில் திருநங்கை வருவதே சிரிப்பதற்காக! 2006-இல் வந்த ‘வேட்டையாடு விளையாடு’வில் ஆணை நேசிக்கும் ஆண் தொடர் கொலைகாரன். 2015-இல் வந்த ‘ஐ’ படத்தில் திருநங்கைப் பாத்திரம் அருவருப்புக்குரிய வில்லி. அதை எதிர்த்துத் திருநங்கைகள் சென்னையிலேயே போராடினார்கள். இந்தப் படங்களை எடுத்தவர்கள் திறமைசாலிகள். அதனால்தான் காயமும் ஆழமாக விழுந்தது. ஒரு கொட்டகை முழுக்கச் சிரிக்கும்போது சிரிக்க முடியாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு, அதே அளவு திரையில், அதே இருட்டில் வேறொரு படத்தைக் காட்டித்தான் ஆறுதல் சொல்ல முடியும்.

அப்படி ஒரு படம் எங்களுக்கு ஒரு புத்தகத்தின் வழியாக வந்தது. லிவிங் ஸ்மைல் வித்யா எழுதிய ‘நான், சரவணன் வித்யா’ 2007-இல் வெளியானது. திருச்சியில் பிறந்து, மொழியியலில் முதுகலை படித்து, திருநங்கையாக வாழத் தீர்மானித்ததற்காகப் பிச்சையெடுக்கும் நிலைக்குத் தள்ளப்பட்டு, அதிலிருந்து மீண்டு வேலை தேடிக்கொண்ட ஒரு தமிழ்ப்பெண்ணின் தன்வரலாறு. பாலினத்தால் பட்டதையும் சாதியால் பட்டதையும் பிரித்துப் பேச மறுப்பவர் அவர். அந்தத் தமிழ்ப் புத்தகத்தைப் படமாக எடுத்தவர்கள் கன்னடக்காரர்கள். பி.எஸ். லிங்கதேவரு இயக்கிய ‘நானு அவனல்ல அவளு’வில் நடித்த சஞ்சாரி விஜய்க்கு 2014-ஆம் ஆண்டின் சிறந்த நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது. நம் வீட்டுக் கதையைப் பக்கத்து வீட்டார் மரியாதையோடு எடுத்துச் சொல்ல, நாம் அதைச் சப்டைட்டிலோடு பார்த்தோம். எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஆனாலும் வருத்தத்தை ஓரமாக வைத்துவிட்டு, புத்தகத்தையும் படத்தின் குறுந்தகட்டையும் ஒரே இடத்தில் வைத்தேன். புத்தகம் எடுத்தவர் படத்தைக் கேட்டார். படம் பார்த்தவர் புத்தகத்தைத் தேடி வந்தார். ஒன்றுக்கொன்று கைகாட்டும்படி வைப்பது ஒரு நூலகர் செய்யக்கூடிய மிகச் சிறந்த விளம்பரம்.

இங்கே தொழில்காரர்களுக்கு மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தப் படங்களைத் தனி அலமாரியில் வைப்பதா, மற்றவற்றோடு கலந்து வைப்பதா? தனியே வைத்தால், அந்த அலமாரி முன் நிற்பதே ஒரு அறிவிப்பாகிவிடும். நிற்க அஞ்சுபவள் வரவே மாட்டாள். கலந்து வைத்தால், இருப்பதே தெரியாது. இரண்டு வழியையும் நான் முயன்று பார்த்தேன். கடைசியில் நிலைத்தது இது: குறுந்தகடுகள் மொழி வாரியாக எல்லாப் படங்களோடும் கலந்திருக்கும். மாதந்தோறும் ஒரு திரைப்படப் பட்டியலை நானே தட்டச்சுச் செய்து, பலகையில் ஒட்டி, வாசலில் ஒரு கட்டும் வைப்பேன். பட்டியலுக்கு ஒரு பொருள் இருக்கும். ‘அம்மாவும் பிள்ளையும்’, ‘ஊரை விட்டுப் போனவர்கள்’, ‘கடலோரத்துக் கதைகள்’ என்று. ஒவ்வொரு பட்டியலிலும் இந்தப் படங்களில் ஒன்றிரண்டு, மற்ற நல்ல படங்களின் சரியாசனத்தில் இருக்கும். தாளை யாரும் எடுத்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்ளலாம். அதில் எந்த வரிக்காக எடுத்தாள் என்பது அவளுக்கு மட்டுமே தெரியும்.

பார்ப்பதற்கு ஒரு கணினியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு, காதொலிப்பான் மாட்டி வைத்தோம். வீட்டுக்கு எடுத்துப்போக முடியாதவர்கள் பலர். ஒரே அறையில் ஆறு பேர் படுக்கும் வீட்டுக்குக் குறுந்தகடு கொண்டுபோய் எங்கே பார்ப்பது?

ஒருமுறை ஒரு மூத்த பேராசிரியர் என் மேசைக்கு வந்தார். ஒரு படத்தின் பெயரைச் சொல்லி, அதை யார் யார் எடுத்திருக்கிறார்கள் என்று கேட்டார். பிள்ளைகளின் நன்மைக்காகத்தான் என்றார்; பெற்றோரிடம் பேச வேண்டும் என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, அக்கறைதான் இருந்தது. அதனாலேயே மறுப்பது கடினமாக இருந்தது. எழுந்து நின்று, “மன்னிக்கணும் சார். யார் என்ன எடுத்தாங்கன்னு நூலகத்துக்கு வெளியே சொல்ற வழக்கம் இல்லை. ஸ்டாக் வெரிஃபிகேஷனுக்குக் கேட்டா எண்ணிக்கை தர்றேன், பேர் தர மாட்டேன்” என்றேன். அதன்பிறகு அவர் நெடுநாள் என்னிடம் பேசவில்லை. ஊதிய உயர்வுக் கோப்பு ஒன்று தாமதமானதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று நான் ஆராயப் போகவில்லை. பதிவேட்டில் அந்தப் பெயர்கள் அப்படியே கிடந்தன. அந்தப் பிள்ளைகளில் எவருக்கும் இப்படி ஒரு விசாரணை வந்ததே தெரியாது. தெரியாமல் காப்பதுதான் முழுமையான காப்பு. செய்த உதவி உதவி பெற்றவர் காதுக்கே எட்டாமல் போகட்டும் என்று பழகிக்கொள்ளுங்கள்.

திரையிடுவது வேறு கதை. ஒருவர் தனியே பார்ப்பதற்கு நூலகர் போதும். நூறு பேர் சேர்ந்து பார்க்க நிர்வாகத்தின் கையெழுத்து வேண்டும். கல்வியாண்டுதோறும் கடிதம் கொடுப்பேன். மறுப்பு ஒருபோதும் எழுத்தில் வராது. “இப்ப வேண்டாம் மேடம், அடுத்த வருஷம் பார்க்கலாம்” என்று வாய்மொழியாக வரும். நான் அதை மறுப்பாக எடுத்துக்கொள்ளவே இல்லை. ‘அடுத்த வருஷம் பார்க்கலாம்’ என்பதை எழுத்துப் பிசகாமல் ஒரு வாக்குறுதியாக வைத்துக்கொண்டு அடுத்த வருஷம் போய் நின்றேன். ஒவ்வொரு முறையும் கடிதத்தோடு ஒரு தாள் கூடும். தணிக்கைச் சான்றிதழின் நகல் ஒரு வருஷம். 2014 ஏப்ரல் 15 அன்று திருநர்களின் பாலின அடையாளத்தை ஏற்று உச்ச நீதிமன்றம் தந்த நால்சா தீர்ப்பின் சுருக்கம் இன்னொரு வருஷம். பொறுமை என்றால் சும்மா இருப்பது என்று நினைக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதல் ஆயத்தத்தோடு திரும்பப் போவதற்குப் பெயர்தான் பொறுமை.

அந்த ஆண்டுகளில் சட்டமே முன்னும் பின்னுமாக ஆடியது. 2009 ஜூலை 2 அன்று டெல்லி உயர் நீதிமன்றம், தன்பால் உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவின் பிடியைத் தளர்த்தியது. 2013 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் அதை மீண்டும் இறுக்கியது. அந்த டிசம்பரில் நலம்விரும்பி ஒருவர், குறுந்தகடுகளைக் கொஞ்ச நாளைக்கு உள்ளே எடுத்து வைக்கச் சொன்னார். சட்டம் தடுப்பது ஒரு செயலை, ஒரு படத்தைப் பார்ப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை என்று அவருக்குச் சொன்னேன். இரண்டு பெண்களின் காதலைச் சொன்ன, தீபா மேத்தாவின் ‘ஃபயர்’ படத்தையும் நினைவுபடுத்தினேன். 1998 டிசம்பரில் மும்பையிலும் டெல்லியிலும் அந்தப் படம் ஓடிய கொட்டகைகளை அடித்து நொறுக்கினார்கள். படம் திரும்பத் தணிக்கைக்கு அனுப்பப்பட்டது. 1999 பிப்ரவரியில் ஒரு வெட்டும் இல்லாமல் மறுபடி திரைக்கு வந்தது. கொட்டகையை உடைத்தவர்கள் எண்ணிய காரியம் நடக்கவில்லை. ஆகவே எங்கள் குறுந்தகடுகள் இருந்த இடத்திலேயே இருந்தன. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் தன் பழைய தீர்ப்பைத் தானே மாற்றி எழுதியபோதும் அவை அதே இடத்தில்தான் இருந்தன. காலம் மாறி வந்து சேரும்போது நாம் நின்ற இடத்தில் நிற்பது ஒரு பெரும் சேவை.

அந்தத் தீர்ப்புக்குப் பிந்திய கல்வியாண்டில் எனக்கு அனுமதி கிடைத்தது. வித்யாவின் கதையைத் திரையிட்டோம். கூட்டம் அதிகம் இல்லை. முடிந்ததும் கேள்வி நேரம் என்று அறிவித்தேன், யாரும் கேட்கவில்லை. நாற்காலிகளை அடுக்க வந்த எங்கள் அட்டெண்டர் அம்மா மட்டும், “இதை ஹாஸ்டல்ல போடுங்க மேடம், அங்கதான் பொண்ணுங்க பேசுவாங்க” என்றார். சொன்னது சரி. விடுதியில் போட்டோம், இரவு பதினொரு மணி வரை பேசினார்கள். நிர்வாகத்தின் கதவைத் தட்டிக்கொண்டிருந்த எனக்கு விடுதியின் கதவைக் காட்டியவர் அந்த அம்மா. கூட வேலை செய்பவர்களில் யாருடைய யோசனையையும் பதவியைப் பார்த்து எடை போடாதீர்கள்.

நான் ஒருத்தியாக இதைச் செய்துவிட்டேன் என்று எண்ண வேண்டாம். நகரத்தில் எனக்கு முன்பே பலர் நடந்திருந்தார்கள். தன்பாலீர்ப்பாளருக்கும் திருநருக்குமான ஓரினம் அமைப்பினர் பல ஆண்டுகளாகவே தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக்கொண்டிருந்தார்கள். நுங்கம்பாக்கம் ரட்லண்ட் கேட்டில் உள்ள மாக்ஸ் முல்லர் பவனில் ‘ரீல் டிசையர்ஸ்’ என்ற பெயரில் பால்புதுமையினர் (குயர்) திரைப்பட விழா நடந்தது. அதன் அறிவிப்பை எங்கள் பலகையில் ஒட்டுவேன். மயிலாப்பூர் சி.ஐ.டி. காலனியில் உள்ள கவிக்கோ மன்றத்தில், 377 தீர்ப்புக்கு முன்பே, 2018-இல் குயர் சென்னை கிரானிக்கிள்ஸ் அமைப்பினர் இலக்கிய விழா நடத்தினார்கள். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், தமிழ் இலக்கியம் பேசும் ஒரு மன்றத்தில் அது நடந்ததில் எனக்குப் பெருமை. 2023 ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சியில் திருநர்களே நடத்திய ‘குயர் பப்ளிஷிங் ஹவுஸ்’ அரங்கில் புத்தகம் வாங்கினேன். தன் பணியிடத்தில் வைத்திருக்க முடியாததை, எங்கே கிடைக்கும் என்று சொல்லவாவது ஒரு நூலகருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தமிழிலும் படங்கள் வரத் தொடங்கின. மாலினி ஜீவரத்தினம் 2017-இல் எடுத்த ‘லேடீஸ் அண்ட் ஜென்டில்வுமன்’ ஆவணப்படம், பெண்ணை நேசித்த பெண்களைப் பற்றியது. அதைத் தயாரித்தது இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் நிறுவனம். சொர்ணவேலின் ‘கட்டுமரம்’ ஒரு கடலோரக் கிராமத்தில் இரண்டு பெண்களின் காதலைச் சொன்னது. 2022-இல் ‘நட்சத்திரம் நகர்கிறது’ சாதி கடந்த காதலையும் தன்பால் காதலையும் ஒரே நாடகக் குழுவுக்குள் உட்காரவைத்துப் பேசியது. வெள்ளைக்கார நாடுகளின் தன்பாலீர்ப்புப் படங்கள் எங்களிடம் நிறைய இருந்தன. பிள்ளைகள் அவற்றைப் பார்த்துவிட்டு, “இது அவங்க ஊர் விஷயம் மேடம்” என்று திருப்பித் தந்துவிடுவார்கள். தமிழ் பேசும் முகத்தைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல முடியவில்லை.

அமெரிக்கக் கறுப்பினத்தவர் பட்டதும் இதேதான். மார்லன் ரிக்ஸ் என்ற இயக்குநர் 1989-இல் ‘டங்ஸ் அன்டைட்’ எடுத்தார். வெள்ளையர்களின் தன்பாலீர்ப்பு உலகில் கறுப்பனாகவும், கறுப்பர்களின் உலகில் தன்பாலீர்ப்பாளனாகவும் இரண்டு பக்கமும் வெளியே நின்ற ஆண்களின் படம். 1991-இல் பொதுத் தொலைக்காட்சியில் அது வந்தபோது பல நிலையங்கள் ஒளிபரப்ப மறுத்தன. 1994-இல் எய்ட்ஸ் நோயால் ரிக்ஸ் இறந்தார், வயது 37. அதே படத்தை 2022-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் காக்கப்பட வேண்டிய தேசியப் படங்களின் பட்டியலில் சேர்த்தது. சேர்த்த இடம் ஒரு நூலகம் என்பதைக் கவனியுங்கள்.

ஷெரில் டன்யேயின் ‘தி வாட்டர்மெலன் வுமன்’ (1996) நூலகர்கள் எல்லோரும் பார்க்க வேண்டிய படம். வீடியோ கடையில் வேலை செய்யும் ஒரு கறுப்பினப் பெண், 1930-களின் படம் ஒன்றில் உண்மைப் பெயரைப் போடாமல் விடப்பட்ட ஒரு கறுப்பின நடிகையைத் தேடிப் புறப்படுகிறாள். நூலகத்துக்குப் போகிறாள், மேசையில் இருப்பவர் அக்கறையே இல்லாமல் வேறொரு பிரிவுக்குத் தள்ளிவிடுகிறார். ஓர் ஆவணக் காப்பகத்துக்குப் போகிறாள். அங்கே ஒரு பெட்டி நிறையப் புகைப்படங்களை மேசைமேல் அள்ளிக் கொட்டுகிறார்கள், எதிலும் பெயர் இல்லை, ஒழுங்கு இல்லை. படத்தின் முடிவில்தான் இயக்குநர் சொல்கிறார்: அப்படி ஒரு நடிகை இல்லவே இல்லை, வரலாறு காக்கப்படாமல் போனதால் தானே உருவாக்க வேண்டியிருந்தது என்று. அந்த நூலகக் காட்சி வரும்போதெல்லாம் நான் அந்த மேசைக்காரரையே பார்ப்பேன். அவர் யாரையும் திட்டவில்லை, எதையும் கிழிக்கவில்லை. அக்கறை காட்டவில்லை, அவ்வளவுதான். ஒரு பரம்பரையின் கதை தொலைவதற்கு அது போதும்.

ஷியாம் செல்வதுரையின் நாவலிலிருந்து தீபா மேத்தா 2020-இல் எடுத்த ‘ஃபன்னி பாய்’ வேறு விதமான சோதனை. கொழும்பில் வளரும் ஒரு தமிழ்ச் சிறுவன். தன்பால் ஈர்ப்பு ஒரு பக்கம், 1983-ஐ நோக்கி நகரும் இனவன்முறை இன்னொரு பக்கம். நமக்கு இதைவிட நெருக்கமான கதை இல்லை. ஆனால் முக்கிய வேடங்கள் பலவற்றில் தமிழரல்லாதவர்கள் நடித்தார்கள். படத்தில் பேசப்பட்ட தமிழ் நம் காதை உறுத்தியது. புலம்பெயர்ந்த தமிழர்கள் கண்டனம் தெரிவித்தார்கள், அந்தக் கண்டனம் நியாயமானது. ஒரு மாணவி, பால்புதுமையினர் கதை என்பதால் குறை சொல்லாமல் ஆதரிக்க வேண்டுமா என்று கேட்டாள். நான் நாவலையும் படத்தையும் கண்டனக் கட்டுரைகளின் நகல்களையும் சேர்த்து அவள் கையில் கொடுத்தேன். ஒடுக்கப்பட்டவர்களைப் பற்றிய படம் என்பதால் அதன் தரத்தில் சலுகை கொடுப்பது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. மற்றவர் படத்தை எந்தத் தராசில் நிறுக்கிறோமோ அதே தராசில் நிறுங்கள்.

காப்பது பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். சென்னையில் நடராஜ முதலியார் எடுத்த ‘கீசக வதம்’, தென்னிந்தியாவின் முதல் கதைப்படம், இன்று ஒரு சுருள்கூட இல்லை. அந்தக் காலத்துப் படங்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி காகிதத்திலிருந்து தெரிந்தது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் புத்தகங்களோடு சினிமாப் பாட்டுப் புத்தகங்களையும் துண்டறிக்கைகளையும்கூடச் சேர்த்து வைத்தார். அவர் சேர்த்தவை 1994 முதல் ஆராய்ச்சி நூலகமாகி இன்று தரமணியில் இருக்கின்றன. மற்றவர் குப்பை என்று எறிந்ததை அவர் எறியவில்லை. பால்புதுமையினர் படங்களின் நிலைமை இன்னும் மோசம். கொட்டகைக்கு வராத ஆவணப்படங்கள், மாணவர்களின் குறும்படங்கள், ஒருமுறை திரையிட்டு முடிந்தவை. குறுந்தகடுகள் சென்னைப் புழுக்கத்தில் பூஞ்சை பிடித்துப் பால் படர்ந்தாற்போல ஆகிவிடுகின்றன. நானே மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்புக்குத் துடைத்துத் துடைத்துச் சிலவற்றைக் காப்பாற்றினேன், சிலவற்றை இழந்தேன். இணையத்தில் இருப்பது உரிமம் முடிந்த அன்று மறைந்துபோகும். ஆகவே இயக்குநருக்குக் கடிதம் எழுதி, நூலகத்தில் வைத்துக்கொள்ளவும் கல்விக்காகத் திரையிடவும் எழுத்துபூர்வமான அனுமதியோடு ஒரு பிரதி கேளுங்கள். நான் எழுதியவர்களில் பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு அனுப்பினார்கள். திரையிடல் நோட்டீசையும் தேதி போட்டு எடுத்து வையுங்கள்.

கற்றுக்கொள்ள வயதில்லை என்பதற்கு நம் ஊரிலேயே ஒரு சான்று இருக்கிறது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட இரண்டு பெண்களின் வழக்கை 2021-இல் விசாரித்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இதைப் பற்றித் தனக்குப் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளர் ஒருவரிடம் அமர்ந்து கேட்டறிந்த பிறகே உத்தரவு எழுதினார். ஜூன் 7 அன்று வந்த அந்த உத்தரவு, பாலீர்ப்பை ‘மாற்றுகிறோம்’ என்று செய்யும் சிகிச்சைகளுக்குத் தடை விதித்தது. உயர்ந்த நாற்காலியில் இருந்தவரே மாணவராக உட்கார்ந்தார் என்றால், நமக்கென்ன கௌரவக் குறைவு? உங்கள் பெற்றோரிடம் பேச நேர்ந்தால் இந்தச் செய்தியைச் சொல்லுங்கள். சட்டென்று புரியாத பெற்றோர் கெட்டவர்கள் ஆகிவிடமாட்டார்கள். அவர்களுக்கும் காலம் கொடுங்கள். கூடவே ஒரு நல்ல படத்தையும் கொடுங்கள்.

இப்போது ஓய்வில் இருக்கிறேன். முண்டகக்கண்ணியம்மன் கோயில் நிலையத்தில் பறக்கும் ரயில் ஏறிக் கோட்டூர்புரத்தில் இறங்கி, அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போய்வருகிறேன். 2010-இல் திறந்த அந்த நூலகத்தை மறுவருஷமே மருத்துவமனையாக மாற்றப்போவதாக அறிவித்தார்கள். வாசகர்கள் நீதிமன்றம் போனார்கள், அது நூலகமாகவே நிலைத்தது. வாசகர்கள் கேட்டால் நடக்கும் என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இது. 1948-இல் சென்னை மாகாணம் கொண்டுவந்த பொது நூலகச் சட்டத்தின்படி நம் வீடுகளின் சொத்துவரியோடு நூலகவரியும் கட்டப்படுகிறது. மயிலாப்பூரோ தி. நகரோ அடையாறோ, உங்கள் பகுதிக் கிளை நூலகம் உங்கள் பணத்தில் நடப்பது. அங்கே போய் உறுப்பினராகுங்கள். பரிந்துரைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கி, வித்யாவின் புத்தகத்தையோ ஃபன்னி பாய் நாவலையோ எழுதுங்கள். வாங்காவிட்டால் அடுத்த காலாண்டில் மறுபடி எழுதுங்கள். வாசகர் வட்டம் நடக்கிறதா என்று விசாரித்து, மாதத்தில் ஒரு நாள் ஒரு படம் போட இடம் கேளுங்கள். கேட்க உங்களுக்குத் தயக்கம் இல்லையென்றால், தயங்குகிறவர்களுக்காக நீங்கள் கேளுங்கள். மேசைக்கு அந்தப் பக்கம் உட்காரப்போகிற இளைய நூலகர்களே, அந்தப் பதிவேட்டில் அப்படி ஒரு பெயர் எழுதப்பட்டிருந்தால், எழுதியவர் யார் என்று தேடாதீர்கள். நூலை வாங்குங்கள், எண் போடுங்கள், திறந்த அடுக்கில் வையுங்கள்.